இரண்டு ஸ்பூன் பால் பாயசமும் பாதியில் நின்ற கிரிவலமும்

என் மனைவி கவிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே பால் அலர்ஜி. ஒரு வருட சிகிச்சைக்குப் பிறகு, மருத்துவர் முன்னாலேயே இரண்டு ஸ்பூன் பால் குடித்தாள், ஒன்றும் ஆகவில்லை. அந்த அளவு வரை தினமும் சாப்பிடலாம் என்றார்கள். உடனே கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டாள். போன மாதம் கிளம்பினோம்.

சென்னையிலிருந்து பஸ்ஸில் நாலரை மணி நேரம். ரமணாசிரமம் பக்கம் அறை, நாளுக்கு 1,200 ரூபாய். கூட்டம் வேண்டாம் என்று பௌர்ணமியைத் தவிர்த்திருந்தோம்.

வேண்டுதலுக்காக மூன்று நாள் ஒருவேளைச் சாப்பாடு. அவளுக்கு நெஞ்செரிச்சல் வந்தது. மருந்துக்கடையில் அமிலம் குறைக்கும் மாத்திரை வாங்கித் தினமும் காலையில் கொடுத்தவன் நான்தான். பெரிய வைத்தியன் என்று நினைப்பு. அலர்ஜி வந்தால் போடுவதற்காக அவள் எப்போதும் வைத்திருக்கும் அவசர ஊசியையும், இனி எதற்கு என்று அறையிலேயே வைத்துவிட்டேன்.

காலை 5.30க்கு ராஜகோபுரத்தில் ஆரம்பித்தோம். பதினான்கு கிலோமீட்டர், வெறுங்கால், வெறும் வயிறு. 8.40க்கு, குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு குடும்பம் பால் பாயசம் கொடுத்துக்கொண்டிருந்தது. கவிதா எண்ணி இரண்டு ஸ்பூன் சாப்பிட்டாள். அவள் வாழ்க்கையின் முதல் பாயசம். நானும் சிரித்துக்கொண்டு போட்டோ எடுத்தேன்.

பத்தே நிமிடத்தில் உதடு தடித்தது. கழுத்தெல்லாம் சிவந்தது. "தொண்டைய அடைக்குதுங்க" என்றாள். குரலே மாறியிருந்தது.

குறுக்கே போய் ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். ஓட்டுநர் ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். ஊசி ரமணாசிரமம் பக்கத்து அறையில் இருக்கிறது, அங்கே போகலாம் என்றேன்.

"ரூமு அந்தாண்ட கோடி சார். ஆஸ்பத்திரி கிட்ட. நான் சொல்றத கேளுங்க."

ஏழு நிமிடம். அவள் மூச்சு விசில் மாதிரி கேட்டது. அந்தச் சத்தம் நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. அப்புறம்தான் டாக்டரம்மா, அவள் என்ன சாப்பிட்டாள், என்னென்ன மாத்திரை போட்டாள் என்று கேட்டார். சொன்னேன்.

"வயித்துல ஆசிட் இருந்தாதாங்க பால் புரதம் துண்டு துண்டா உடையும். உடைஞ்சா உடம்புக்கு அடையாளம் தெரியறது கம்மி. நீங்க ஆசிட்ட கொறச்சு, முழுசா உள்ள அனுப்பிட்டீங்க. வெறும் வயித்து நடை வேற, அதுவும் அலர்ஜிய தூண்டிவிடும்."

அதே இரண்டு ஸ்பூன்தான். செரிக்க வைக்கும் அமிலத்தைத்தான் நான் பறித்திருந்தேன். அன்று முழுக்க அவளைக் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள்.

அலர்ஜிக்காரர்களோடு வருகிறவர்களுக்கு: ஊசி கையிலேயே இருக்கட்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை சாதாரணமானதுதானே என்று நீங்களாக வாங்காதீர்கள். அலர்ஜி மருத்துவரைக் கேளுங்கள். விரதமும் நடையும் சேர்ந்தால் அதையும் சொல்லுங்கள். ஆட்டோக்காரர் 150தான் வாங்கினார்.

மறுநாள் பஸ்ஸில் மலை மறையும் வரை கவிதா பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கரகரத்த குரலில் கேட்டாள்:

"அடுத்த தடவ நாலு இட்லி சாப்ட்டுட்டு நடந்தா, அண்ணாமலையார் வேணாம்னா சொல்லுவாரு?"