பேப்பருக்குத் தெரியாத உப்பு

சோப்புக் கம்பெனியில் என் வேலை நக்கிப் பார்ப்பது. இதை மரியாதையான சொல்லில் எழுத எனக்கு விருப்பமில்லை. என் முதலாளி அப்படித்தான் சொல்வார். தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் இரும்புக் கொப்பரையில் கொதித்துக் குழம்பாகும்போது, கரண்டி நுனியில் ஒரு துளி எடுத்து ஆறவைத்து நாக்கில் வைப்பேன். சுரீரென்று கடித்தால் காரம் மிச்சம் என்று அர்த்தம். இன்னும் எண்ணெய் விடவேண்டும். கடிக்காவிட்டால் உப்பைக் கொட்டலாம். உப்பு விழுந்ததும் சோப்பு திரண்டு மேலே மிதக்கும். அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர் நிற்கும். அதைக் காரத்தண்ணீர் என்போம். காஸ்டிக்கும் உப்பும் கரைந்த அந்தத் தண்ணீரை வடித்துத் தள்ளிவிட்டுத்தான் சோப்பை எடுக்க முடியும்.

எங்கே தள்ளுவது என்று எழுபதுகளின் பாதி வரை யாரும் கேட்கவில்லை. மலையாளமும் தமிழும் கலந்து புழங்கும் ஆரியசாலை மொத்தக் கடைகளுக்குப் பின்னால் எங்கள் சந்து. சந்தின் ஓடையில் விட்டோம். அதில் கால் வைத்தவர்களுக்குத் தோல் உரிந்தது. திட்டினார்கள், நாங்களும் திருப்பித் திட்டினோம். அப்புறம் தண்ணீருக்கென்று ஒரு சட்டம் வந்து, ஒருநாள் ஜீப்பில் ஓர் இளம் அதிகாரியும் வந்தார். ஓடையில் காரம் பார்க்கும் ஒரு மஞ்சள் பேப்பரை முக்கினார். அது கருநீலமாக மாறியது. முதலாளியிடம் அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"இந்த வெள்ளத்த, இந்தக் காரத்தண்ணிய, ஓடையில விடக்கூடாது. ஆதியம், மொதல்ல, இது இத்தனை வராம பாக்கணும். அடுத்த கொதிக்குத் திரும்ப எடுத்துக்கலாமே? மிச்சம் வர்றத மட்டும் காரம் போக்கிட்டு, எங்ககிட்ட அனுமதி வாங்கி வெளிய விடணும். மனசிலாயா?"

"ஆயிட்டு சார், ஆயிட்டு," என்று முதலாளி கும்பிட்டார். ஜீப் திரும்பியதும் என்னைப் பார்த்தார். "ஏல, அவனுக்கு வேண்டியது பேப்பர் நெறம். அதக் காட்டிருவோம்."

முதலாளி காதில் விழுந்தது அது மட்டும்தான். கண்ணாடி ஜாடியில் ஆசிட் வந்தது. பின்சுவரை ஒட்டி ஆளுயரக் குழி வெட்டினோம். சிமெண்ட் பூசவில்லை, பூசினால் தண்ணீர் நிலத்தில் இறங்காதே. காரத்தண்ணீரைக் குழியில் விட்டு, நான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவேன். மேலே நாற்றமடிக்கும் கொழுப்பு திரளும். பேப்பர் மஞ்சளாகவே நிற்கும்வரை ஊற்றுவேன். இரண்டு நாளில் குழி காலியாகிவிடும். எங்கே போயிற்று என்று முதலாளி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாயாக்கடை. கணவனை இழந்த ஒரு சேச்சி தனியாக நடத்தினாள். காலையில் சாயா, மத்தியானம் சாலைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கஞ்சியும் பயறும். எல்லாவற்றுக்கும் அவள் கிணற்றுத் தண்ணீர்தான். அந்தக் கிணறு எங்கள் குழியிலிருந்து ஏழெட்டு அடி தூரம். கடை நடப்பதே அந்தக் கிணற்றை நம்பித்தான்.

நான் தினமும் அங்கேதான் சாயா குடித்தேன். குழி வெட்டி நான்கைந்து மாதம் ஆனபோது, ஒரு காலையில் முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. சர்க்கரைக்குப் பின்னால், நாக்கின் ஓரத்தில், எங்கள் உப்பு. கடை நிறைய ஆட்கள் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. என் நாக்குக்கு மட்டும் தெரிந்தது.

நான் என்ன செய்தேன்? கிளாசை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். மறுநாளிலிருந்து பழவங்காடி வரை நடந்துபோய்ச் சாயா குடித்தேன். பஸ்ஸில் டிக்கெட் கேட்கவே குரல் வராதவன் நான். முதலாளியிடம் போய் என்னவென்று சொல்வது? இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கூச்சம் என்று நான் பெயர் வைத்திருந்தது வெறும் பயம்தான். இப்போது எழுதும்போதும் அன்றைய என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

மழை முடிந்ததும் அதிகாரி மறுபடி வந்தார். ஓடை காய்ந்து கிடந்தது. குழியில் பேப்பரை முக்கினார்; மஞ்சள் மாறவில்லை. "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டி, நோட்டில் எழுதத் தொடங்கினார். முதலாளி இளநீர் வெட்டச் சொன்னார். அப்போதுதான் சேச்சி ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் இன்னொரு கையில் பயற்றுச் சட்டியுமாக வாசலில் வந்து நின்றாள்.

"சாரே, இத ஒண்ணு பாருங்க. மூணு மணிக்கூறா அடுப்பில கெடக்குது. பயறு கல்லு மாதிரி நிக்குது. கஞ்சி குடிக்க வந்தவன் துப்பிட்டுப் போறான். என்ட கிணறு போச்சு சாரே."

அதிகாரி செம்பில் பேப்பரை நனைத்தார். மஞ்சள். "பேப்பர்ல ஒண்ணும் காணல்லயே சேச்சி."

முதலாளி சிரித்தார். "பழைய பயறா வாங்கிப் போட்டா எங்கிட்டு வேகும்? அதுக்கும் நாந்தான் பதில் சொல்லணுமோ?"

"உம்மோட நான் பேசல்ல," என்று அவரைப் பார்க்காமலே சொன்னாள் சேச்சி. பிறகு கொப்பரை அருகில் நின்ற என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "அந்த அண்ணாச்சி சொல்லட்டும். நாளெல்லாம் நக்கிட்டு இருக்காருல்ல? இதையும் ஒண்ணு நக்கட்டும்."

கொப்பரை துடைத்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. "ஏல, உள்ள போயி வேலயப் பாரு," என்றார். அதிகாரிக்கு வேடிக்கையாக இருந்ததோ என்னவோ, "இருக்கட்டே, நோக்கட்டே," என்றார்.

சேச்சி செம்பை என் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள். வாங்கினேன். ஒரு வாய். வைத்துக்கொண்டே நின்றேன், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. முதலாளியின் கண் என் தொண்டையில் இருந்தது. விழுங்கினேன்.

"உப்பு," என்றேன்.

"சத்தமா," என்றாள் சேச்சி.

"உப்பு சார். காரம் இல்ல. காரத்த ஆசிட் எடுத்துட்டுது. உப்பு அப்படியே இருக்கு. நம்ம உப்புதான்."

அவ்வளவு நீளமாக அந்தக் கம்பெனியில் நான் அதற்கு முன் பேசியதில்லை. அதிகாரியின் முகம் மாறியது. நோட்டை மூடினார். ஜீப்பிலிருந்து பாட்டில்கள் வந்தன. குழியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் தண்ணீர் மொண்டு, மூடி, அரக்கு வைத்து, கம்பெனி சார்பில் ஒரு கையெழுத்து வேண்டும் என்றார். முதலாளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அவனே போடட்டும். அவந்தான பெரிய ஆளு." நான் தமிழில் போட்டேன்.

பரிசோதனைத் தாள் வந்தது; இரண்டு தண்ணீரிலும் அதே உப்பு. குழியை மூடச் சொன்னார்கள். மூடியதைக் காட்டும்வரை கொப்பரை ஏற்றக்கூடாது என்றார்கள். பிறகு, முதல் நாளே அந்த அதிகாரி சொன்னதைத்தான் செய்தோம். சிமெண்ட் தொட்டி கட்டி, காரத்தண்ணீரை அதில் சேர்த்து, அடுத்த கொதிக்குத் திரும்ப எடுத்தோம். அப்படியும் மிஞ்சியதைத் தட்டையான சட்டியில் வற்றக் காய்ச்சினால் அடியில் உப்பு படிந்தது. அந்த உப்பையே திரும்பக் கொப்பரையில் போட்டோம். ஓடைக்கு ஒரு சொட்டும் போகவில்லை. இதற்கு ஒரு கிணறு சாக வேண்டியிருந்தது.

நக்கிப் பார்க்கும் வேலைக்கு முதலாளி நாகர்கோவிலிலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்தார். என்னைச் சட்டியடியில் உட்காரவைத்தார். நான் சுரண்டி எடுத்த உப்பைத் தன் கல்லாப்பெட்டிக்கு அருகே மூட்டையாக அடுக்கச் சொல்வார். தாண்டிப் போகும்போதெல்லாம் அதை ஓர் உதை உதைப்பார். வேறெதுவும் என்னோடு பேசமாட்டார்.

சேச்சியின் கிணறு இரண்டு மழைக்குப் பிறகும் திரும்பவில்லை. தெருக்குழாயில் குடம் குடமாகத் தூக்கிக் கடையை ஓட்டினாள். ஒருநாள் தைரியம் வந்து உள்ளே போய் உட்கார்ந்தேன். நான் சொன்ன ஒரு வார்த்தையால் குழி மூடியது. ஒரு சாயா கொடுப்பாள் என்று நினைத்தேன். கொடுத்தாள். கிளாசை மேசையில் இடித்து வைத்த வேகத்தில் பாதி சிந்தியது.

"அண்ணாச்சிகிட்ட ஏன் கேட்டேன்னு அறியுமோ?" என்றாள். "தினம் ரெண்டு சாயா குடிக்கிற ஆளு, ஒருநாள் பாதி கிளாசோட எழுந்து போனீங்க. பின்ன வந்ததே இல்ல. அன்னிக்கே எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு. அன்னிக்கு இந்த நாக்கு எங்க போச்சு?"

மிச்சமிருந்த சாயாவைக் குடித்து முடித்தேன். நல்ல தண்ணீர்; குழாய்த் தண்ணீர்.