நான் வீடில்லாதவளான கதை

எனக்கு வீடில்லை என்ற செய்தியை நான் அறிந்தது வாவிக்கரையில், மீன் வாங்கப் போன இடத்தில். பக்கத்து வளவுக்காரி மீன் பொறுக்குவதை விட்டுவிட்டுத் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இது நீதானே கா? வீடில்லாம ஓலக் கொட்டிலுக்க கிடக்கியாம். எங்களிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லியே!”

பார்த்தேன். நானேதான், செத்தவீட்டுக்குப் போய் வந்த முகத்தோடு. ‘சொந்த வீடின்றி ஓலைக் குடிலில் வாடும் தாய். பகிருங்கள் உறவுகளே!’ என்று போட்டிருந்தது. கீழே வரிசையாகக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள். கனடாவிலிருந்து ஒருவர், கடவுள் இருக்கிறாரா என்று கேட்டிருந்தார். அவருக்குக் கீழே இன்னொருவர் தொந்தி குறைக்கும் மருந்து விற்றுக்கொண்டிருந்தார்.

அட பாவிகளா! எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டு, அதே வளவுக்குள் ஒரு சின்னக் கொட்டில் போட்டுக்கொண்டு தாய் விலகிவிடுவாள். அதில் எங்களுக்கு ஒரு பெருமையும் உண்டு. நான் கொஞ்சம் அவசரக்காரி, என் மகளுக்குப் பேச்சு தொடங்கியதுமே எழுதிக்கொடுத்துவிட்டுக் கொட்டிலுக்கு மாறிவிட்டேன். அந்த வீடு, குவைத்தில் ஊரான் குசினியில் அடுப்போடு நின்று வெந்து நான் கட்டியது. டைல்ஸ் பதித்த வீடு!

எங்கள் பெண்கள் குழுவுக்கு ஒரு தொண்டு நிறுவனம் மாவரைக்கும் மிஷின் தந்திருந்தது. தங்கள் பேஸ்புக் பக்கத்துக்குப் படம் வேண்டுமென்று சில நாளுக்கு முன் அதன் ஊடக அலுவலர் வந்தார். மிஷினைப் பற்றிக் கேட்பார் என்று நான் நல்ல சீலை உடுத்தி நின்றேன்.

“அம்மா, பின்னால டைல்ஸ் தெரியுது. கொட்டில் பக்கம் வாங்க. பழைய சீல ஏதும் இருக்கா? சிரிக்காதீங்க, நீங்க சிரிச்சா சனம் உதவாது.”

அவருடைய தாயும் இப்படித்தான் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டுக் கொட்டிலில் இருக்கிறாராம். தேத்தண்ணி குடித்துக்கொண்டே அவரே சொன்னார். அவருடைய தாயை ஏன் படம் பிடிக்கவில்லை என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

மீனும் கையுமாக வீட்டுக்கு வந்து சேரவும் போன் அடித்தது. தேற்றாத்தீவிலிருந்து மாப்பிள்ளையின் தாய்.

“மச்சாள், அண்டைக்கு நீங்க எங்களுக்குக் காட்டினது ஆர்ர வீடு?”

மகளுக்கு அந்தப் பொடியன் மேல் உயிர். இந்தச் சம்பந்தம் முறிந்தால் அவள் இன்னொரு இடத்துக்குத் தலையாட்டமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நான் சொன்ன விளக்கம் ஒன்றும் அந்த மனிசியின் காதில் ஏறவில்லை. மீனை அப்படியே போட்டுவிட்டு டவுனுக்கு பஸ் ஏறினேன்.

நிறுவனத்தின் பணிப்பாளர் ஏசி அறைக்குள் கோட் போட்டுக்கொண்டு இருந்தார். மட்டக்களப்பு வெயிலுக்குக் கோட்!

“அம்மா, இந்த வருசம் எங்கட பேஜில கூடச் சனம் பாத்தது உங்கட படந்தான். அத அழிச்சா ரீச் போயிரும்.”

“ரீச் போனா மறுகா வரும், சேர். மாப்பிள்ள போனா?”

அவர் பேனையால் தாடையைத் தட்டினார். “அழிக்கத் தேவல்ல. திருத்திப் போடுவம். வீட்டோட உங்கள ஒரு படம் எடுப்பம். சனத்துக்கு விளங்கும்.”

மறுநாளே வந்தார்கள். இந்த முறை நல்ல சீலையாம், சிரிக்கவும் வேண்டுமாம். நானும் பல்லெல்லாம் தெரிய வாசலில் நின்றேன். பொழுதுபடுவதற்குள் பதிவு வந்துவிட்டது. ஒரு பக்கம் கொட்டில், மறுபக்கம் வீடு. ‘உங்கள் அன்பால் எழுந்த இல்லம்! நன்றி உறவுகளே!’ படத்தில் என் வீட்டு நெற்றியில் அவர்களுடைய சின்னம் ஒட்டியிருந்தது. கனடாக்காரர் கடவுள் இருக்கிறார் என்று முடிவு செய்திருந்தார்.

பணிப்பாளரை நாலு நல்ல வார்த்தை கேட்கலாமென்று போனை எடுத்தேன், அதற்குள் அது அடித்தது.

“கண்டன் மச்சாள்! அப்ப வீடு இருக்கிறது மெய்தான். இப்பதான் மனம் ஆறிச்சு.”

“மச்சாள், அது அவங்க கட்டினதில்ல. நான் குவைத்தில கிடந்து கட்டினது.”

“சும்மா இருங்க மச்சாள். படத்தோட போட்டிருக்காங்க. நீங்க ஒண்டு சொல்லுறீங்க, அவங்க ஒண்டு சொல்லுறாங்க. மறுகா ஆர்ர வீடு எண்டு வில்லங்கம் வந்தா நாங்க எங்க போற? உதவி வாங்கினதில என்ன வெக்கம்? ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க, நாள் பாப்பம்.”

மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்து நின்றாள். அந்த நிலைக்கு மரம், நான் லீவில் வந்தபோது மர ஆலையில் கூடவே நின்று அறுப்பித்தது.

“ஓம் மச்சாள்,” என்றேன். “அவங்கதான் கட்டித் தந்தவங்க.”