முற்றுப்புள்ளிக்குப் பின்னால் வைத்த நட்சத்திரம்

நாங்கள் அந்தமானில் மாயாபந்தரில் குடியேறி நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். சின்ன மகளுக்கு விஷக்காய்ச்சல் வந்தது. அது இறங்கினால் பங்குனி உத்திரத்தன்று நூறு இலை போடுகிறேன் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இறங்கிவிட்டது. அவன் தன் வேலையை முடித்துவிட்டான், பாக்கி என் வேலைதான்.

எட்டாவது வரை படித்தவன் என்பதால் கோயில் நோட்டீஸ் எழுதுவதும் நான்தான். ஸ்டென்சில் தாளில் கீறிக் கொடுத்தால், ஆபீஸில் டைப் அடிக்கும் நண்பர் பிரதி உருட்டித் தருவார். அந்தக் காலத்தில் எங்கள் ஊர் நோட்டீஸ் எதிலும் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அடியில் 'கப்பல் வந்தால்' என்று ஒரு வரி. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்கே நட்சத்திரம் போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

நான் எழுதியது இது: 'காலை அபிஷேகம், நாதஸ்வரம், மதியம் அன்னதானம் நடைபெறும்.*' அடியில் வழக்கமான கப்பல் வரி. நாதஸ்வரக்காரர்தான் மெட்ராஸிலிருந்து கப்பலில் வர வேண்டியவர்.

நண்பர் தாளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, நட்சத்திரத்தை நாதஸ்வரத்தோட ஒட்டி, கமாவுக்கு முன்னால வைங்க. கடைசில வெச்சா மொத்த வரிக்கும் சேர்ந்துரும்" என்றார்.

"சாமி நோட்டீஸுல அப்படி நெருக்கியடிச்சா நல்லாவா இருக்கும்? முற்றுப்புள்ளி தாண்டி விசாலமா இடம் இருக்கு, அங்கயே இருக்கட்டும்" என்றேன்.

அன்றைக்குக் கப்பல் வரவில்லை. அபிஷேகத்தில் குருக்களும் நாங்களும்தான். மதியம் சோறு, சாம்பார், பூசணிக் கூட்டு, பாயசம் எல்லாம் தயார். பந்தியில் ஓர் ஆள் இல்லை.

"நூறு இலை போடுறேன்னு வேண்டினீங்க, போட்டாச்சு. ஆளும் வேணும்னு சாமிகிட்ட சொல்லலியோ?" என்றாள் மனைவி.

வேண்டுதல் பாழாகிவிடுமே என்று ஆள் தேடி, கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கு ஓடினேன். மொத்த ஊரும் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு அங்கே உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா, சாப்பிட வரலையா?"

மர காண்டிராக்டர் ஒருவர் நோட்டீஸை உயர்த்திக் காட்டினார். "ஜஹாஸ் வரட்டும்ங்க. கப்பல் வந்தாத்தானே சோறு?"

"அது நாதஸ்வரத்துக்குய்யா!"

"அப்ப நட்சத்திரம் ஏன் சோத்துப் பக்கத்துல நிக்குது? நாதஸ்வரத்துகிட்ட கொண்டுபோய் விடுங்க, எழுந்திரிக்கிறோம்."

பக்கத்து வீட்டு வங்காளிக்கு யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். "ஜஹாஸ் நஹீ, கானா நஹீ!" கப்பல் இல்லை, சாப்பாடும் இல்லை என்று அவரும் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். நான் பென்சிலைக் கடன் வாங்கி, எல்லோர் முன்னாலும் முழங்காலில் தாளை வைத்து நட்சத்திரத்தை அடித்துவிட்டு, கமாவுக்கு முன்னால் புதிதாக ஒன்று போட்டேன். கைதட்டல் வேறு.

அதற்குப் பிறகு வந்த கூட்டத்தைக் கேட்க வேண்டாம். பந்திக்குப் பந்தி நான்தான் இலைகளை எண்ணினேன். நூறாவது இலையில் உட்கார்ந்தவர் அதே காண்டிராக்டர். என் வேண்டுதல் அவர் வாயில்தான் முடிகிறது என்பது தெரியாமல், பாயசத்துக்குக் கையைக் குழித்து நீட்டினார். "முருகா" என்று சொல்லி இரண்டு கரண்டியாக ஊற்றினேன்.