விருந்தாளியாகிப்போன மருமகள்

காய்ச்சலில் படுத்திருந்த என் கணவர் சேவியர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார். "மோட்டர் போட்டாச்சா?" போட்டாச்சு என்று சொல்லி வாய் மூடுவதற்குள் மறுபடியும் அதே கேள்வி. விவேக் நகரில் தண்ணீர்க் கவலை இல்லாதவர் யார் என்று சிரித்தேன். மாலையில் வலிப்பு வந்தது.

மூளைக்காய்ச்சல் (கிருமியால் மூளையில் ஏற்படும் வீக்கம்) என்றார்கள். உயிர் தப்பினார். வீட்டுக்கு வந்த பிறகுதான் மற்றது தெரிந்தது. நாங்கள் முதலில் குடியிருந்த ஈஜிபுரா வீடு, அதன் ஓனர், ஓனரின் நாய் வரை நினைவிருந்தது. காய்ச்சலுக்குச் சற்று முன்பு கல்யாணமாகி வந்த கன்னடத்து மருமகள் காவ்யா மட்டும் நினைவில் இல்லை. அவளைக் கண்டால் எழுந்து நின்று, "கூத்கொள்ளி" (உட்காருங்கள்) என்று உபசரிப்பார். அவள் சமையலறைக்குப் போய் அழுவாள்.

ஞாயிறு பூசை முடிந்து ஆப்பிள் பையோடு வருகிறவர்கள் எல்லோரும், "நான் யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. மதியம் கண்ணயர்ந்தவரை எழுப்பி, காவ்யாவை முன்னால் நிறுத்தி, "இது யாரு?" என்பேன். தூங்கினால் உள்ளதும் போய்விடுமோ என்று பயம்.

"முதல்ல எழுப்புறதை நிறுத்துங்கம்மா" என்றார் நரம்பியல் மருத்துவர். ஹிப்போகாம்பஸ் (புதிய நினைவை முதலில் வாங்கி வைக்கும் மூளைப் பகுதி) அடிபட்டிருக்கிறதாம். தான் வாங்கியதை அது மூளையின் மேலடுக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றும். அதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கும். ஈஜிபுரா எப்போதோ அங்கே குடிபோய்விட்டது. காவ்யா பாதி வழியில் இருந்தாள்.

"அவ திரும்பி ஞாபகத்துக்கு வருவாளா டாக்டர்?"

"போனது வராமலும் இருக்கலாம். புதுசாப் பழகலாம். பரீட்சை வைக்காதீங்க, நீங்களே சொல்லிடுங்க. அப்புறம் தூங்க விடுங்க."

இதையே நான் புலம்பிக்கொண்டு வந்ததைக் கேட்ட ஆட்டோக்காரர் சொன்னார்: "ஹாரன் அடிச்சா சிக்னல் பச்சை ஆயிடுமாம்மா?"

அன்றிலிருந்து தினமும் காலையில், "நான் காவ்யா, உங்க மருமக" என்று அவளே சொல்வாள். "ரொம்ப சந்தோஷங்க" என்பார். அந்த 'ங்க' என்னைக் குத்தும். மாதங்கள் இப்படியே போயின.

ஒருநாள் அவள் வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "ஏம்மா, நேத்து ஆபீஸ்லேர்ந்து அவ்ளோ லேட்டு? ஒரு போன் பண்ண மாட்டியா?"

"அத்தே, மாமா என்னைத் திட்றாரு!" காவ்யாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இப்போதும் சில நாட்கள் அவருக்கு அவள் நினைவு விட்டுப்போகும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பதறாதீர்கள். மதியம் இவர் குறட்டை விட ஆரம்பித்ததும் மிக்ஸியை நிறுத்திக் கதவைச் சாத்துகிறேன். சும்மா படுத்திருக்கவில்லை இவர். இன்று காலையை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.