நான்கு மணி நேரத் தூரம்

கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்தான். கிள்ளானில் அக்கா வீட்டு வாசற்படியைத் தாண்டுவதுதான் நெடும்பயணம். சென்னையில் வேலை பார்க்கும் அவள் மகளுக்கு அன்று மாலை நிச்சயதார்த்தம். விமானம் மதியம் ஒரு மணிக்கு.

"ராகு காலம் பத்தரைக்குத்தான் முடியுது. அப்புறம் போலாம் லா" என்று அக்கா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். விமானத்தில் பறக்கப்போகிற பெண்மணிக்கு வானத்தைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான்.

பத்தரை ஆனது. அப்போது கிளம்பியிருந்தாலும் பிடித்திருக்கலாம். நானோ நாலு புத்தகம் படித்தவன். ராகு வெறும் நிழல், அதற்குப் பயப்படுவது மடமை என்று வாசலில் நின்று அரை மணி நேரம் விளக்கினேன். விமான நிலையத்தை அடைந்தபோது, கவுன்டரை மூடிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அக்கா அழவில்லை.

"ராகுகூட சொன்ன நேரத்துக்கு முடிச்சிட்டான்டா. நீதான் முடிக்கல" என்றாள்.