சோற்றுருண்டை வெள்ளி

தகாவா மசாயோ டீச்சருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது. பெருமை பாவம் என்று வருஷா வருஷம் பாடம் நடத்தியவள்தான். ஆனாலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் பிறந்துவிட்டால் அவள் நடையே மாறிவிடும். நாகசாகியில் மேட்டின் மேல் இருந்த அந்தக் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகள் வெறும் உப்புச் சோற்றுருண்டைதான் கொண்டுவர வேண்டும். பொரித்த கோழி கிடையாது, முட்டைச் சுருள் கிடையாது. அதற்கு ஆகும் காசை வகுப்பு உண்டியலில் போட வேண்டும். அது கடல் தாண்டி எங்கோ பசித்துக் கிடக்கும் பிள்ளைகளுக்குப் போகும். இந்த வழக்கத்தைத் தொடங்கியவளும் மசாயோதான், இத்தனை காலம் விடாமல் இழுத்து வந்தவளும் அவள்தான்.

மற்றபடி அவள் கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. கன்னியர் மடத்தில் சேரப் போனாள். முதுகுவலிக்காரி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்யாணமும் கூடவில்லை. வாரம் இரண்டாக இருந்த மறைக்கல்வி வகுப்பு ஒன்றாகிவிட்டது. மற்றொன்றைக் கம்ப்யூட்டர் பாடம் விழுங்கிவிட்டது. பிள்ளைகளில் ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தேடத்தான் வேண்டும். "ஏசு சாமி நல்லவர்தான் டீச்சர், யாரு இல்லேன்னா? ஆனா கணக்குலயும் கொஞ்சம் கண்ணு வைங்க" என்று ஓர் அப்பா முகத்துக்கு நேரே சொன்னதுண்டு. மசாயோ தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். எல்லாம் போகட்டும், வெள்ளிக்கிழமை மட்டும் இருந்தால் போதும் என்றிருந்தாள்.

நான்காம் வகுப்பில் கனாயே என்றொரு பெண். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் டப்பாவின் மூடியைச் சாய்த்து மறைத்துக்கொண்டு சாப்பிடுவதை மசாயோ கண்டாள். உள்ளே இரண்டு சோற்றுருண்டை, வேறொன்றுமில்லை. செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. அப்பன்காரன் வீட்டை விட்டுப் போன பிறகு, அம்மா சிஹாரு ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைத்துக்கொண்டிருந்தாள். சிஹாருவும் இதே பள்ளியில் மசாயோவிடம் படித்தவள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியாவது மகளை இங்கேயே படிக்கவைக்க வேண்டும் என்று பிடிவாதம்.

வெள்ளிக்கிழமை வந்தால் கனாயே வேறு பெண். டப்பாவை அகலத் திறந்துவைத்து, பக்கத்துப் பிள்ளையை இடித்துச் சிரித்துக்கொண்டு சாப்பிடுவாள். ஊருக்கெல்லாம் தவமாக இருந்த நாள் அவளுக்குத் திருவிழாவாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க மசாயோவுக்கு ஒரு யோசனை தோன்றியது.

தலைமையாசிரியை சிஸ்டர் முகாயிடம் போனாள். "சிஸ்டர், தவக்காலம் முடியற வரைக்கும் தினமுமே சோற்றுருண்டைன்னு வெச்சா என்ன?"

சிஸ்டர் சிரித்துவிட்டார். "உனக்கு என்ன மசாயோ, கிறுக்கா? ஒரு நாளைக்கே தாய்மாருங்க போன் போட்டு எம்புள்ள வாடிட்டான்னு கத்துறாங்க. தினமும்னா நம்ம ரெண்டு பேரையும் சிலுவையில அறைஞ்சிடுவாங்க."

மசாயோ காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் கனாயேயின் பெயர் ஆசிரியர் அறையில் ஆளாளுக்கு மெல்லும் அவலாகிவிடும்.

அடுத்த புதன்கிழமையே விஷயம் வெடித்தது. தைச்சி என்ற பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், கனாயே வீட்ல எல்லா நாளும் வெள்ளிக்கிழமைடா!" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. கனாயே டப்பாவை மூடிவிட்டு, "எனக்கு வயித்து வலி" என்றாள். மறுநாளும் அவளுக்கு வயிற்று வலிதான். சாப்பாட்டு வேளையில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

இந்தப் பிள்ளையை இங்கே தலைநிமிர்ந்து இருக்கவைக்க வேண்டும். மசாயோவுக்கு வேறு நினைப்பே இல்லை. யாரையும் பெயர் சொல்லித் திட்டக் கூடாது. அன்று மறைக்கல்வி வகுப்பில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேசினாள்.

"பசியா இருக்கறவங்க எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கந்தான் இருக்காங்கன்னு நினைக்காதீங்க. பக்கத்து பெஞ்சுலயும் இருக்கலாம். அவங்களைப் பார்த்துச் சிரிச்சா ஏசுவைப் பார்த்துச் சிரிச்ச மாதிரி. அவங்களுக்குக் குடுத்தா ஏசுவுக்கே குடுத்த மாதிரி."

தைச்சியின் காது சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு பாடம் இப்படி இறங்கி அவள் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகும்போது டிராமில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போனாள், பாவம்.

மறுநாள் வெள்ளி. மத்தியானம் அவள் வகுப்புக்குள் நுழைந்தபோது, பிள்ளைகள் எல்லாரும் கைகூப்பி எழுந்து நின்றிருந்தார்கள். உண்டியல் திறந்து கிடந்தது. அதிலிருந்த காசு முழுவதும் பூப்போட்ட காகிதத்தில் சுற்றப்பட்டு, ரிப்பன் கட்டி, கனாயேயின் மேசை மேல் இருந்தது. தைச்சி உண்மையாகவே அழுதுகொண்டிருந்தான்.

வகுப்புத் தலைவி மோமோகா ஓடி வந்தாள். "டீச்சர், டீச்சர்! நாங்களே கண்டுபிடிச்சிட்டோம்! நீங்க சொன்ன பக்கத்து பெஞ்சு ஆளு!"

கனாயே எழுந்தாள். பள்ளியில் பழக்கியபடி கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி, இடுப்பு வளையக் குனிந்தாள். "எல்லாருக்கும் ரொம்ப நன்றி" என்றாள். குரல் நடுங்கவில்லை. உட்கார்ந்தவள் டப்பாவைத் தொடவில்லை.

மசாயோ வாயைத் திறந்தாள். தப்பு என்று சொல்லலாம். எது தப்பு? சிரித்தவன் மனம் திரும்பினான். இருப்பவர்கள் இல்லாதவளுக்குக் கொடுத்தார்கள். மசாயோ சொன்னதில் ஒரு சொல் பிசகவில்லை. "நல்லது, உட்காருங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் தன்னை மன்னிக்கவே இல்லை.

சிஸ்டர் முகாய்க்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா மசாயோ, உன் உழைப்பு வீண் போகல! ஞாயித்துக்கிழமை பூசையில சாமியாரைச் சொல்லச் சொல்றேன்." வேண்டாம் என்று மசாயோ காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அடக்கம் என்று சிஸ்டர் நினைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சாமியாரும் பீடத்திலிருந்து சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் சிஹாரு வந்தாள். துக்க வீட்டுக்குப் போடுகிற கறுப்பு உடையில் (அவளிடம் இருந்த ஒரே நல்ல உடை அதுதான்), கையில் துணி மூட்டையோடு வந்து வாசலில் நின்று குனிந்து வணங்கினாள். மூட்டையில் தனித்தனியாகக் காகிதம் சுற்றிய காஸ்தெல்லா கேக்குத் துண்டுகள். நல்ல கடைச் சரக்கு. வகுப்பில் ஒரு பிள்ளை விடாமல் ஆளுக்கொன்று. அந்த ஊர் வழக்கத்தில் வாங்கியதற்குத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாதே. எத்தனை விரிப்பு துவைத்தாளோ.

மசாயோ அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். "சிஹாரு, எல்லாம் என் தப்பும்மா. கனாயேவை அனுப்பு. நான் பாத்துக்கறேன்."

"அவ போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுத்திருக்கா டீச்சர். எந்தப் பள்ளிக்கூடமும் வேணாங்கறா. சோறும் வேணாங்கறா." சிஹாருவின் குரலில் கோபமே இல்லை. "நானும் அந்த உண்டியல்ல காசு போட்டவதான். குடுக்கறதைப் பத்தி எத்தனையோ சொல்லிக்குடுத்தீங்க. வாங்கறதைப் பத்தித்தான் ஒண்ணும் சொல்லிக்குடுக்கல."

மீண்டும் குனிந்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மத்தியானம் பிள்ளைகள் காஸ்தெல்லாவை ருசித்துச் சாப்பிட்டார்கள். அடியில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தைச்சி நகத்தால் சுரண்டித் தின்றான். மோமோகா கை தூக்கினாள்.

"டீச்சர், கனாயே இனிமே வரமாட்டாளாமே, நெசமா? அப்போ வர்ற வெள்ளிக்கிழமை யாருக்குக் குடுக்கறது?"

எல்லாரும் மெல்வதை நிறுத்திவிட்டு, ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துத் தேட ஆரம்பித்தார்கள். அன்போடுதான் தேடினார்கள். "தெரியலம்மா" என்றாள் மசாயோ.