ஆழப் பக்கத்தில் பீர்

வெர்பனோவ் ஊரில் நாற்பது வயதைத் தொட்ட எவரைக் கேட்டாலும், முதன்முதலாகத் தன்னைத் தண்ணீரில் இறக்கியவர் லிபுஷே டீச்சர்தான் என்பார்கள். நூற்பாலைக்காரர்கள் கட்டிய நீச்சல் குளத்தில் முப்பது வருஷம் அவர்தான் பயிற்சியாளர். குள்ளமான, உறுதியான உடம்பு. குரல் மட்டும் ஆலைச் சங்குக்குப் போட்டி. கரையில் எவனாவது ஓடினால், "நட!" என்று ஒரு சொல்தான் வரும், ஓடியவன் அப்படியே நின்றுவிடுவான்.

ஆலை மூடிய பிறகு குளத்துக்கு வெந்நீர் தர ஆளில்லை. தண்ணீரை இறக்கிக் கதவைப் பூட்டினார்கள். டீச்சர் முட்டைக்கோஸ் பாத்தியும் முயல் கூண்டுமாகக் காலத்தை ஓட்டினார். கணவர் போன பிறகு அதட்டுவதற்கு முயல்கள்தான் மிச்சம்.

ராதிம் என்ற ஒருவன் அந்தக் கட்டடத்தை வாங்கி, உள்ளே பீர் காய்ச்ச ஆரம்பித்ததும் ஊருக்குக் கொண்டாட்டம். வற்றிய குளத்துக்குள்ளேயே ஆழப் பக்கத்தில் பெரிய பெரிய எஃகுத் தொட்டிகள், ஆழமில்லாத பக்கத்தில் மேஜை, பெஞ்சு. பஸ் நிற்கும் கடைசி இடத்திலிருந்து காட்டுப் பாதையில் வெகுதூரம் நடக்க வேண்டும். மழையானாலும் பனியானாலும் ஆட்கள் நடந்தார்கள். டீச்சர் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவரை அசைத்தவர் ஓதகார். குளத்துக்குக் கொதிகலன் பார்த்தவர், இப்போது ராதிமின் கொதிகலனையும் பார்ப்பவர். தன் எழுபதாவது பிறந்தநாளை அங்கேதான் வைத்திருந்தார்.

"குளத்துக்கரையில பிஸ்கட் தின்ன பயலையே வெளிய தள்ளினவ நான். அங்க உக்காந்து பீர் குடிக்கச் சொல்றியா?" என்றார் டீச்சர்.

"குடிக்காத. வந்து மொறச்சுட்டுப் போ. நீ மொறைக்காம எனக்கு எழுபது ஆன மாதிரியே இல்ல."

அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நல்ல கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கதவைத் திறந்ததும் மூக்கில் குளோரின் வாடை ஏறும் என்று உடம்பு எதிர்பார்த்தது. வந்ததோ வறுத்த தானிய வாசனை. கால் பழைய பழக்கத்தை மறக்கவில்லை. யோசிக்காமலே ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறும் காலுறையோடு கரைக்கு வந்து நின்றார்.

கீழே பேச்சு நின்றது. முதல் மேஜையில் இருந்த தபால்காரர் மெல்லக் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். அடுத்தவன் பார்த்தான், அவனும் அவிழ்த்தான். சற்று நேரத்தில் தொப்பையும் நரையுமான ஆண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கையில் ஷூவோடு படியேறி வந்து வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பினார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ராதிம் புதிதாகப் போட்ட மரப்படியைக் காட்டினான். டீச்சர் அதைத் திரும்பியும் பார்க்காமல், பழைய இரும்பு ஏணியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கினார்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் கண்ணில் பட்டது, தின்பண்டங்களின் பெயர் எழுதிய கரும்பலகை. முதல் வரியிலேயே, ‘மூழ்கிச் செத்தவன், வெங்காயத்தோடு.’

வினிகரில் ஊறிய சாஸேஜுக்கு நாடு முழுக்க அந்தப் பெயர்தான். டீச்சர் வீட்டிலேயே ஜாடி நிறைய இருக்கிறது. ஆனாலும் இடம் என்று ஒன்று உண்டே.

"இத யார் எழுதினது?"

"நான்தான் டீச்சர்," என்றான் ராதிம்.

"முப்பது வருஷத்துல என் குளத்துல ஒருத்தன்கூட மூழ்கல. நீ தட்டுல வச்சு விக்கிறியா?"

"அழிச்சிடறேன் டீச்சர்." தன் சட்டைக் கையாலேயே அழித்தான். "என்ன பேர் போடட்டும்?"

"நீந்தத் தெரிஞ்சவன்னு போடு," என்றார் ஓதகார். அப்படியே போட்டான்.

பீர் வந்தது. டீச்சர் ஒரு வாய் குடித்தார். மேலுதட்டில் நுரை ஒட்டியது. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

"ஒன்ன எனக்கு ஞாபகம் இல்லையே. எந்த வகுப்புல வந்த?"

ராதிமின் கழுத்து சிவந்தது. "மூணாங்கிளாஸ். குளத்துக்குள்ள வந்ததில்ல டீச்சர். உடை மாத்தற ரூம்லயே..."

"வயித்துவலி," என்றார் டீச்சர். முகம் நினைவுக்கு வந்துவிட்டது. "ஒவ்வொரு செவ்வாயும் வயித்துவலி."

குளமே சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு எதிரே உட்கார்ந்து குரலைத் தணித்துக்கொண்டான்.

"இந்த எடத்த விக்கப்போறாங்கன்னு பாக்க வந்தேன். தண்ணியே இல்ல. ஏணியில எறங்கி அந்த ஆழப் பக்கம் போய் நின்னேன் டீச்சர். என் வாழ்க்கையில அதான் மொத தடவ. பயமே வரல. நின்னுக்கிட்டே இருந்தேன். அப்பறம் வாங்கிட்டேன்."

டீச்சர் தொட்டிகளைப் பார்த்தார். மூன்று ஆள் உயரச் சுவரில் பழைய நீலப் பூச்சு அப்படியே இருந்தது. திட்ட வேண்டும் என்று வீட்டிலிருந்து தயார் பண்ணி வந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது.

"இன்னமும் நீந்தத் தெரியாதா?"

"தெரியாது."

"ஞாயித்துக்கிழம காலைல கல்குவாரிக்கு வா. வயித்துவலின்னா மாத்திரையோட வா."

குவாரிப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி ஏரியாகியிருந்தது. கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சர் இடுப்பளவு நீரில் நின்று அதட்ட, ராதிம் நாய் போலக் காலை உதைத்தான். கடைக்கு வருகிறவர்கள் கரையில் உட்கார்ந்து யோசனை சொன்னார்கள்.

"வயித்த உள்ள இழு ராதிம், தரை தட்டுது."

"அது பீர்த்தொட்டி, மூடி கழண்டுடப் போவுது."

"வாய மூடிக்கிட்டு இருக்கறவங்களுக்கு மட்டும் இன்னிக்குக் கடை தெறக்கும்," என்றார் டீச்சர். கரை அடங்கியது.

ஆகஸ்டு கடைசியில் அவன் நீந்தினான். அழகாக ஒன்றும் இல்லை. தலையைத் தூக்கி, கண்ணை உருட்டி, தண்ணீரை அடிஅடியென்று அடித்து எதிர்க்கரையைப் பிடித்துவிட்டான். பாறையில் ஏறிக் கையை ஆட்டினான். எல்லாரும் கை தட்டினார்கள்.

"இப்ப திரும்பி வா," என்றார் டீச்சர்.

ராதிம் கீழே தண்ணீரைப் பார்த்தான். "நடந்தே வரேன் டீச்சர்."

எவ்வளவு அதட்டியும் அசையவில்லை. குவாரியைச் சுற்றி வழியே கிடையாது. முழங்காலுக்கு மேல், பட்டாலே அரிக்கும் செந்தட்டிப் புதர். இக்கரையில் காத்திருந்தவர்களுக்குத் தாகம் பொறுக்கவில்லை. ஓதகார், அவன் கரையில் கழற்றிப் போட்டிருந்த கால்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். கூட்டம் பின்னே நடந்தது.

கால் முழுக்கத் தடிப்போடு ராதிம் கடைக்கு வந்து சேர்ந்தபோது, அவன் இடத்தில் நின்று டீச்சர் பீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முன்பின் செய்திராத வேலை. கோப்பையில் பாதி நுரை. எல்லாரும் குறை சொல்லாமல் வாங்கிக் குடித்தார்கள். ராதிமும் துண்டைப் போர்த்திக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.